பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டாத குருவி

கோயம்புத்தூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பாலக்காடு வந்துவிடும். வாளையாறு தாண்டும்போது ஜன்னலோர சீட் கிடைத்திருந்தால் இரண்டு பக்கமும் பாருங்கள். வடக்கே நீலகிரியை நோக்கி ஏறும் மலைகள், தெற்கே தூரத்தில் ஆனைமலை. நடுவில் தென்னந்தோப்பும் வயலுமாகத் தாழ்ந்த நிலம். மேற்குத் தொடர்ச்சி மலை என்ற நீளச் சுவரில் விழுந்த பெரிய திறப்பு இது. ஆனி, ஆடியில் கோவைக்குள் புகுகிற காற்றுக்கும் இதுதான் வாசல். அகலம் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர்.

இந்தத் தூரத்தைப் பல லட்சம் ஆண்டுகளாகத் தாண்டாத ஒரு குருவி இருக்கிறது. சிறகில் குறை ஒன்றுமில்லை, பறக்கத் தெரிந்த பறவைதான். வடக்கு மலையிலும் இருக்கிறது, தெற்கு மலையிலும் இருக்கிறது. நடுவில் மட்டும் வராது. வராமலே இருந்ததால், ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தது இன்று இரண்டு இனமாகிவிட்டது. அதன் பெயர் சோலைக்கிளி.

கிளி என்றதும் பச்சை உடம்பும் வளைந்த மூக்கும் கண்முன் வந்திருக்கும். அது வேறு. மலையாளத்தில் எந்தச் சின்னப் பறவையையும் கிளி என்று சொல்லலாம். இந்தப் பெயரில் இருப்பது அந்தக் கிளி. உருவத்தைச் சொல்ல வேண்டுமானால், நம் வீட்டுப் பக்கம் பாடுகிற குண்டுக்கரிச்சானை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சற்றுச் சிறிது, வால் குட்டை, கால் நீளம், நிறம் மைநீலம். நீலகிரிப் பக்கம் இருப்பதற்கு விலாவிலும் அடிவயிற்றிலும் செங்காவி பூசியது போல இருக்கும். ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இருப்பதற்கு அந்தக் காவி இல்லை, வயிறு வெள்ளை. ஆணும் பெண்ணும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.

சரி, முப்பது கிலோமீட்டர் பறக்க ஒரு பறவைக்கு என்ன தயக்கம்? சைபீரியாவிலிருந்து வாத்து வருகிறது, இமயமலையிலிருந்து கொடைக்கானலுக்கு ஈப்பிடிப்பான்கள் வருகின்றன. பக்கத்து மலைக்குப் போக இதற்கு என்ன வந்தது? இதற்குப் பதில் தேட முதலில் காட்டின் கீழடுக்கு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பசுமைமாறாக் காட்டை ஒரு மாடி வீடு போலப் பார்க்கலாம். உச்சியில் மரங்களின் கிளைகள் பின்னிக்கொண்டு கூரை போடுகின்றன. வெயில், காற்று, மழை எல்லாம் முதலில் விழுவது அங்கேதான். அதன் கீழே நடுத்தர மரங்களும் கொடிகளும். எல்லாவற்றுக்கும் கீழே, நம் தலை உயரம் வரைக்கும் புதர்கள், பெரணிகள், மரக்கன்றுகள், விழுந்து மக்கும் கட்டைகள், இலைச்சருகு. இதுதான் கீழடுக்கு. அடர்ந்த மழைக்காட்டில் மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். நண்பகலிலும் அந்தி மாதிரி இருக்கும். காற்று அசையாது. ஈரம் காயாது.

சோலைக்காடு இந்த மாடி வீட்டின் குள்ள வடிவம். 1,500 மீட்டருக்கு மேலே, குளிரும் காற்றும் மரங்களை உயர விடுவதில்லை. பெரும்பாலும் 20 மீட்டருக்குள் நின்றுவிடும். காட்டுச் செண்பகம், நாவல் குடும்பத்து மரங்கள், பட்டை மரத்தின் உறவுகள் எல்லாம் தலையைப் பந்து போல உருட்டி வைத்துக்கொண்டு நிற்கும். கிளையெல்லாம் பாசி. அடியில் குறிஞ்சிச் செடியின் வகைகள் புதராக மண்டிக் கிடக்கும். (புல்வெளியில் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூத்துப் பத்திரிகையில் படம் வருமே, அந்த நீலக்குறிஞ்சியைச் சொல்லவில்லை. அதன் சொந்தங்களில் பல நிழலில் வளர்பவை.) சோலைக்கிளி வாழ்வது இந்தப் புதருக்குள்தான்.

அங்கே அதற்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சருகைப் புரட்டினால் பூச்சி, புழு. தத்தித் தத்தி இரண்டடி நகர்ந்தால் அடுத்த சருகு. மரப்பொந்தோ மண்திட்டில் ஒரு குழியோ கிடைத்தால் பாசியும் வேர்நாரும் வைத்துக் கூடு கட்டிப் பொதுவாக இரண்டு முட்டை இடும். குளிர்காலம் வந்தால் உணவு முழுவதுமாக அற்றுப்போகிற நாடு இல்லை இது. ஆகவே தெற்கே கிளம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. வலசை போகும் பறவைக்கு இருக்கும் நீண்ட கூர்மையான சிறகு இதற்கு எதற்கு? கொடிக்கும் கிளைக்கும் நடுவே சட்டென்று திரும்பக் குட்டையான, வட்டமான சிறகுதான் வசதி. சருகில் நடக்க நீளக் கால் வசதி.

எங்கெல்லாம் வெப்பமண்டலக் காடு இருக்கிறதோ அங்கெல்லாம் கீழடுக்கில் இந்தத் தோற்றத்தில் ஏதாவது ஒரு பறவை இருக்கும்: மங்கலான நிறம், குட்டைச் சிறகு, குட்டை வால், நீளக் கால், உருவத்துக்குப் பொருந்தாத உரத்த குரல். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்களில்கூட ஒரே அச்சு. செய்கிற வேலை ஒன்றானால் உடம்பும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. இந்த ஒற்றுமை பறவையியலாளர்களை நன்றாகவே ஏமாற்றியது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கீழடுக்கில் ஒன்றை ஒன்று பார்ப்பது கடினம், பத்தடிக்கு அப்பால் இலைதான் தெரியும். அதனால் எல்லை சொல்வதும் துணை தேடுவதும் குரலால்தான் நடக்க வேண்டும். குரலுக்கும் அங்கே தொல்லை உண்டு. வேகமான, கீச்சென்ற ஒலி இலையிலும் தண்டிலும் மோதி எதிரொலித்துக் குழம்பிவிடும். மெதுவான, தெளிவான சீழ்க்கை போன்ற ஒலி கலையாமல் போய்ச் சேரும். காட்டுக்குள் பாடும் பறவைகளிடம் சீழ்க்கை அதிகம் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோலைக்கிளியின் பாட்டிலும் அப்படித்தான்: நீண்ட, ஏறி இறங்கும் சீழ்க்கைகள், இடையிடையே கொஞ்சம் கரகரப்பு. பொழுது விடிவதற்குச் சற்று முன் சோலை ஓரத்தில் நின்றால் கேட்கலாம். முதல்முறை நான் கேட்டபோது யாரோ பையன் வாயால் ஊதுகிறான் என்றே நினைத்தேன்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்த உடம்போடு, இந்தப் பழக்கத்தோடு இருக்கும் பறவைக்கு ஒரு வெட்டவெளி எப்படித் தெரியும்? முதலாவது, கண்ணைக் கூசும் வெயில். மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிய கண் அதனுடையது. இரண்டாவது, மறைவே கிடையாது, மேலே பருந்து. மூன்றாவது, குட்டைச் சிறகால் நெடுந்தூரம் பறந்தால் மூச்சு முட்டும். நான்காவதாக ஒன்றும் உண்டு, எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதுதான்: அங்கே போக வேண்டிய தேவை அதன் வாழ்க்கையில் வருவதே இல்லை. நமக்கு ஆற்றங்கரை மாதிரி அதற்குக் காட்டோரம்.

இது வெறும் ஊகம் அல்ல. பனாமாவில் ஒரு சோதனை செய்தார்கள். பனாமா கால்வாய்க்காக ஆற்றை அணைகட்டி நிறுத்தியபோது கட்டூன் என்ற ஏரி உருவானது. மலை உச்சிகள் தீவுகளாயின. அவற்றில் பெரியது பாரோ கொலராடோ. 1914இல் காடு தீவானது முதல் அங்கே கீழடுக்குப் பறவைகள் பல ஒவ்வொன்றாக மறைந்தன. சில நூறு மீட்டர் தள்ளிக் கரையில் அதே இனங்கள் நன்றாகவே இருந்தன. ஒரு ஜோடி பறந்து வந்து குடியேறினால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். அதைச் சோதிக்க, காட்டுப் பறவைகளைப் பிடித்துப் படகில் ஏரிக்குள் கொண்டுபோய்க் கரையிலிருந்து 100 மீட்டர், 200 மீட்டர், 300 மீட்டர் தூரங்களில் விட்டுப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவு இது: சில இனங்கள் 300 மீட்டரையும் சுலபமாகக் கடந்தன. கீழடுக்கு இனங்கள் சில 100 மீட்டரையே முடிக்காமல் தண்ணீரில் விழுந்தன. பறவை ஒன்று பறக்க முடியாமல் தண்ணீரில் விழுகிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஏதோ போல இருந்தது. நாம் பறவை என்றதும் சுதந்திரம், வானம் என்று பேசுவோமே.

100 மீட்டர் தண்ணீரே ஒரு பறவைக்கு இப்படியென்றால், 30 கிலோமீட்டர் வெயில் சமவெளி என்ன செய்யும் என்று யோசிக்கலாம். பாலக்காட்டுக் கணவாயில் வெட்டவெளி மட்டும் சிக்கல் இல்லை, உயரமும் சிக்கல். சோலைக்கிளி வாழ்வது பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேலே. கணவாயின் தரை 300 மீட்டரைத் தொடுவதே அரிது. அங்கே வெப்பம் வேறு, காடு வேறு, பூச்சி வேறு. குளிர்ந்த மலையுச்சிகள் தனித்தனித் தீவுகளாகவும், நடுவிலுள்ள சூடான பள்ளங்கள் கடலாகவும் ஆகிவிடுகின்றன. இதைத்தான் வான்தீவு என்கிறார்கள். கடலில் ஒரு தீவில் மாட்டிக்கொண்ட உயிரினம் எப்படித் தனிப்பாதையில் மாறிப்போகுமோ, அப்படியே வான்தீவிலும்.

மாறுவது எப்படி? ஒரு பெரிய கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கலப்பு நின்றுபோனால், இந்தப் பக்கம் தற்செயலாக வரும் மாற்றம் அந்தப் பக்கம் போய்ச் சேராது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சிறுசிறு வேறுபாடுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் பார்த்தால் நிறம் வேறு, பாட்டு வேறு, மரபணு வேறு. அண்ணன் தம்பி வீடுகள் போக்குவரத்து இல்லாமல் போனால் நாலு தலைமுறையில் பேச்சே மாறிவிடுவது போல. உவமை கொஞ்சம் நொண்டும். ஆனால் பாட்டு விஷயத்தில் நன்றாகவே பொருந்தும். ஏனென்றால் பாடும் பறவைகளின் குஞ்சுகள் பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டுத்தான் கற்கின்றன. கூட்டம் பிரிந்தால் வட்டாரவழக்கும் பிரியும்.

கணவாயின் வடபுறத்துப் பறவையை அறிவியலுக்கு முதலில் சொன்னவர் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1840களில். தென்புறத்துப் பறவையை 1860களில் பிளான்ஃபோர்டு விவரித்தார். மாதிரி பழனிமலையிலிருந்து போனது. அதற்குப் பிறகு இந்தப் பறவை பட்ட பாடு தனிக்கதை. வெகுகாலம் இரண்டையும் ஒரே இனத்தின் துணையினங்கள் என்றார்கள். அப்புறம் பிரித்தார்கள். எந்தக் குடும்பத்தில் வைப்பது என்பதிலும் குழப்பம். குட்டைச் சிறகையும் நீளக் காலையும் பார்த்து ஆசியக் காடுகளின் குட்டைச்சிறகன் கூட்டத்தில் சேர்த்தார்கள். பிறகு நீல ராபின் என்று வேறோர் இடத்துக்கு மாற்றினார்கள். ஊர் மாறிக்கொண்டே இருக்கும் அரசு ஊழியர் மாதிரி ஆகிவிட்டது.

முடிவு கட்டியது மரபணு. 2017இல் வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில், இவை குட்டைச்சிறகனும் அல்ல, மற்ற நீல ராபின்களும் அல்ல என்று காட்டினார்கள். இவற்றுக்கு நெருங்கிய உறவு, கிளையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்களின் கூட்டம். அதாவது தரையில் இறங்கி வாழ்ந்த ஓர் ஈப்பிடிப்பான் பரம்பரை, தரைப் பறவைக்கு உரிய உடம்பைத் தானாக அடைந்திருக்கிறது. வேலை ஒன்றானால் உடம்பும் ஒன்றாகும் என்று மேலே சொன்னேனே, ஏமாற்றியது அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தக் கிளைக்கு ஒரு புதிய பேரினப் பெயர் (நெருங்கிய உறவுள்ள இனங்களுக்கான பொதுப்பெயர்) தேவைப்பட்டது. வைத்த பெயர் ஷோலிகோலா, சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம் சோலை என்ற சொல் லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு பறவைப் பெயராகிவிட்டது. (நீல ராபினை ஆராய்ந்து அது ராபினே இல்லை என்று சொன்னவர்களில் ஒருவர் பெயர் ராபின் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.)

அதே கட்டுரை மூன்றாவதாக ஒன்றையும் பிரித்தது. பாலக்காட்டுக்குத் தெற்கே இன்னொரு சிறிய திறப்பு இருக்கிறது. குற்றாலச் சாரல் தெரிந்தவர்களுக்கு அந்த வழி தெரியும்: செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, புனலூர் என்று ரயில் போகும் கணவாய். பாலக்காட்டோடு பார்த்தால் மிகக் குறுகல். ஆனாலும் அதற்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் உள்ள சோலைக்கிளி வடக்கே உள்ளதிலிருந்து மரபணுவில் விலகியிருக்கிறது. அதற்கு ஆஷாம்பு மலையின் பெயரால் அஷாம்புவென்சிஸ் என்று பெயரிட்டார்கள். தனி இனமா, வெள்ளைவயிற்றுப் பறவையின் துணையினமா என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் கருத்து வேறு. எனக்கு அந்தச் சண்டை குறையாகத் தோன்றவில்லை. இனம் பிரிவது என்பது ஒரே நாளில் நடப்பதல்ல. பாதி வழியில் நிற்கும் ஒன்றைப் பார்த்து இது வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும்.

குறுகிய கணவாய் எப்படித் தடையானது? கணவாய்கள் அப்படியே இருந்தாலும் தட்பவெப்பம் அப்படியே இருக்கவில்லை. பூமி குளிர்ந்த காலங்களில் சோலை போன்ற குளிர்க்காடு மலையிலிருந்து கீழே இறங்கியிருக்கும். வெப்பம் கூடிய காலங்களில் மறுபடி உச்சிக்கு ஏறியிருக்கும். இறங்கியபோது சிறிய பள்ளங்களின் இருகரைக் காடுகளும் கைகோத்திருக்கலாம், பறவை தாண்டியிருக்கலாம். அகலமும் ஆழமும் அதிகமான பாலக்காட்டில் அப்படிச் சேர்வது கடினம். அதனால்தான் பாலக்காட்டின் குறுக்கே உள்ள பிரிவு மிகப் பழையது, செங்கோட்டையில் உள்ளது அதைவிட இளையது. பல மலைப்பறவைகளை ஒப்பிட்டபோதும் இந்தப் போக்கே தெரிந்தது: பள்ளம் ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால் அதிக இனங்கள் பிரிகின்றன. எல்லாப் பறவைகளும் பிரிவதில்லை. உச்சிக்கூரையில் பறந்து திரிகிற சிலவற்றுக்குக் கணவாய் ஒரு பொருட்டே இல்லை.

சிரிப்பான்களைப் பார்த்தாலும் இதே படம். கொடைக்கானலில் புதருக்குள்ளிருந்து கூட்டமாகச் சிரிக்கிற மாதிரி கத்துமே, அவை. அவற்றுக்கும் 2017இல் மான்டெசிங்க்லா என்று தனிப் பேரினம் கொடுத்தார்கள். நீலகிரியில் ஒன்று, வயநாட்டின் பாணாசுர மலைப் பக்கம் ஒன்று, பழனி ஆனைமலையில் ஒன்று, அகத்தியமலையில் ஒன்று என்று நான்கு. வரைபடத்தில் வைத்தால் சோலைக்கிளியின் எல்லைகளும் சிரிப்பானின் எல்லைகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். உறவே இல்லாத இரண்டு பரம்பரைகளை ஒரே கணவாய்கள் வெட்டியிருக்கின்றன.

மனிதர்கள் வந்த பிறகு இன்னொரு வகைப் பள்ளமும் வந்தது. சோலைக்காடு இயல்பிலேயே துண்டுதுண்டாக இருப்பது. மடிப்புகளில் சோலை, மேட்டில் புல்வெளி. இரவில் உறைபனி விழும் மேட்டில் மரக்கன்று கருகிவிடுவது அதற்கு ஒரு காரணம். இந்தப் பழைய ஏற்பாட்டின் மேல் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தேயிலை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில் என்ற அயல்மரம்), பைன், ஊர், சாலை என்று வந்து விழுந்தன. கோத்தகிரி லாங்வுட் சோலையைப் போய்ப் பாருங்கள்: நல்ல காடு, நீலகிரிச் சோலைக்கிளி பாடுகிற காடு, பல ஊர்களுக்குக் குடிநீர் தருகிற காடு. ஆனால் சுற்றிலும் தேயிலையும் வீடும். கொடைக்கானல் பாம்பே சோலை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. சீகையையும் பைனையும் வில்லன் என்றே பேசிப் பழகிவிட்டோம். புல்வெளிக்கு அவை வில்லன்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பழனிமலையில் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வளர்கின்றன. அயல்மரம் என்று ஒரே வீச்சில் எல்லாவற்றையும் வெட்டினால் கீழே எழுந்துவரும் சோலையும் சேர்ந்து போகும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலை சூடாவது இன்னொரு கவலை. கீழே வெப்பம் கூடினால் குளிர் விரும்பும் பறவை மேலே நகரும். ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637. அதற்கு மேலே மலை இல்லை.

பார்க்க ஆசை வந்தவர்களுக்கு: சோலை ஓரத்துப் பாதையில், விடியும் நேரத்தில், அசையாமல் நில்லுங்கள். தேடிப் புதருக்குள் நுழைந்தால் கிடைக்காது. பாதையில் சருகு கிடக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே வெளியே வந்து இரண்டு தத்துத் தத்திவிட்டு உள்ளே போகும். போனில் அதன் பாட்டைப் போட்டு வரவழைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டுத்தான் அது வருகிறது.

பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஆய்வாளர்கள் மலைமலையாக ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டபோது, பழைய கணவாய்கள் பிரித்த கூட்டங்களின் பாட்டுகள் வேறுபட்டிருந்தன, அது எதிர்பார்த்ததுதான். காடழிப்பால் அண்மையில் பிரிந்த கூட்டங்களின் பாட்டுகளும் வேறுபட்டிருந்தன, வேறு விதத்தில். கணவாய்க்குப் பல லட்சம் ஆண்டு தேவைப்பட்டது. தேயிலைத் தோட்டத்துக்கு இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை.